பிறை போட்ட பாவாடை

நம் வயதுக்காரர்களுக்கு அந்த மாசி மாதத்து மத்தியானத்தை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. சூரிய கிரகணம் என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த நாள். பஸ் ஓடியது, ஆனால் காலியாக ஓடியது. பார்க்காதே, பார்க்காதே என்று ரேடியோ காலையிலிருந்தே பயமுறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று உங்களைக் கேட்டால் ஜன்னலுக்குச் சாக்கு கட்டிய அறையில் என்றுதான் சொல்வீர்கள். நான் வெளியே இருந்தேன். மைதானத்தில், மரத்தடியில், சூரியனுக்குக் கீழே நின்றிருந்தேன். அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சியால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

போன சந்திர கிரகணத்தன்று எங்கள் அடுக்குமாடியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் மொட்டை மாடியில் கூடினார்கள். ஆளுக்கு ஒரு செல்போன். ஒரு பையன் பீரங்கி போல நீளமாக ஒரு கேமராவை மூன்று காலில் நிறுத்தியிருந்தான். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். நிலா செங்கல் நிறத்தில் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அங்கே ஒரு பெண், "ஆன்ட்டி, உங்க காலத்துல இதெல்லாம் பாக்கவே விட்டிருக்க மாட்டாங்க இல்ல? போட்டோ எங்க எடுத்திருக்கப் போறீங்க, பாவம்" என்றாள். பாவமாம். அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். ஏழாம் வகுப்போடு நின்ற கை இது. வரி கோணலாகப் போனால் நீங்கள் நேராகப் பிடித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் சிமெண்டுத் தரை போட்ட சின்ன முற்றம். எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. குடித்துவிட்டு வருகிற ஆண்கள் வீடு மாறி நுழைந்து திட்டு வாங்குவது அங்கே சகஜம். எங்கள் வரிசையில் மதுரைக்காரர்கள், சேலத்துக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். சாயங்காலமானால் ஒவ்வொரு வீட்டுக் குழம்பும் ஒவ்வோர் ஊர் மணக்கும்.

அப்பா வெல்டர். அவர் சட்டையெல்லாம் தீப்பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். வேலை செய்யும்போது கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்கிற கறுப்புக் கண்ணாடியில் பழையது ஒன்று வீட்டில் கிடந்தது. உள்ளங்கை அளவுதான், ஓரத்தில் சில்லு போயிருக்கும். பகலில் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் வீடு, மரம், அம்மா எல்லாம் காணாமல் போய்விடும். சூரியன் மட்டும் பச்சைக் காசு மாதிரி தனியாக நிற்கும். எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்கு நான் அதைக் காட்டுவேன். ஆளுக்கு ஒரு பார்வை. இரண்டாவது முறை கேட்டால் கொடுக்க மாட்டேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு மூத்த அக்கா. வெள்ளானூரில் வயலும் மாடுமாக இருந்தாள். அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை நாங்கள் அவள் வீட்டில்தான் இருந்தோம். எனக்கு எட்டு வயது ஆகிற வரை அங்கே என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சாணி தட்டத் தோன்றியது. அதனால்தான் பதினாலு வயது நடக்கும்போது நான் ஏழாவதில், என் தோள் உயரம் கூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை மாதம் ஒருமுறையாவது பால் பாத்திரத்தோடு வந்துவிடுவாள். வந்ததும் என்னை மேலும் கீழும் பார்ப்பாள்.

"இன்னாமே, இன்னும் உட்காரல? பதினாலு ஆவுது. நம்ம பக்கத்துல இத்தினி வயசுல இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு வெச்சுகினு கீதுங்க."

"நாங்க இன்னா பண்றது அண்ணி, அது ஆகும்போதுதான் ஆகும்" என்பாள் அம்மா.

"ஆனவொடனே சொல்லி அனுப்பு. என் மூத்தவன் காத்துகினு கீறான்."

அத்தைக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. நான் வயதுக்கு வர வேண்டும், வந்ததும் அவள் வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டும். அப்பா நேராக மறுக்க மாட்டார். "பத்தாவது முடிக்கட்டும்க்கா" என்று மட்டும் சொல்வார். அந்தச் சொல் அம்மா சொல்லிக் கொடுத்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆவடி ஸ்டாண்டில் வருகிற போகிறவர்களிடம் "இது எங்க போற பஸ்?" என்று கேட்டுக் கேட்டே அலுத்துப் போனவள். என் மகள் போர்டு பார்த்து ஏறுவாள் என்று அவள் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

கரையான்சாவடியில் ரோட்டோரம் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அந்த ஸ்டுடியோக்காரர்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்க வருவார். கிரகணத்துக்கு முந்தின வாரம் அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்.

"அண்ணாத்தே, உன் கறுப்புக் கண்ணாடி ஒண்ணு குடு. கேமராவுக்கு முன்னாடி வெச்சு கிரகணத்தப் புடிச்சு, பேப்பர்காரன்கிட்ட குடுக்கப் போறேன்."

"கிரகணம்தான்யா ஆளப் புடிக்கும். நீ அதப் புடிக்கப் போறியா?" என்று அப்பா சிரித்தார்.

"ரெண்டுல ஒண்ணு புடிச்சிட்டுப் போவுது, வுடு."

சனிக்கிழமையன்று வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்கு டூட்டி. அம்மா காலையிலேயே சமைத்து, சாப்பிட வைத்து, மீதியைக் கொட்டி, தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல் போட்டு மூடினாள். மத்தியானம் ஜன்னலைச் சாத்தினாள். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரகணம் பிடித்ததும் உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழும் என்பார்கள். அது நிற்பதாகக் காணோம். எனக்குக் காலையிலிருந்து அடிவயிற்றில் ஒரு இழுப்பு. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் ஜன்னலைத் தட்டினார். அம்மா விரல் நுழைகிற அளவு திறந்து, கண்ணாடியை நீட்டப் போனாள். நான் பறித்துக்கொண்டேன்.

"இது அப்பா கண்ணாடி. ஒடைஞ்சா யாரு குடுப்பாங்க? நான் கூடப் போய்ப் புடிச்சிக்கிட்டு, திருப்பி எடுத்துட்டு வர்றேன்."

"ஏய், கால ஒடைப்பேன்" என்றாள் அம்மா. ஆனால் அவளுடைய இன்னொரு கை உலக்கையில் இருந்தது. விட்டால் விழும். அந்த யோசனையில் அவள் இருந்தபோதே நான் பின்முற்றத்துக் கதவு வழியாக ஓடிவிட்டேன்.

மைதானம் அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு ஆள் இல்லை. நாய்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில் படுத்துக்கொண்டு எழலாமா வேண்டாமா என்று பார்த்தன. வெயில் இருந்தது, சூடு இல்லை. வெளிச்சம் பழைய அலுமினியப் பாத்திரம் மாதிரி மங்கிக்கொண்டே வந்தது. ஸ்டுடியோக்காரர் கேமராவை மூன்று காலில் நிறுத்தி, அதன் கண்ணுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு கையாலும் பிடித்தேன். மூச்சு விட்டால் ஆடும் என்று மூச்சையும் பிடித்தேன்.

"ஆடாத பாப்பா. கடிச்சிட்டான், பாதி கடிச்சிட்டான். அப்டியே புடி."

அவர் ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வேன். பச்சைக் காசை யாரோ ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தார்கள். கடைசியில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மைதானத்து ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. சாயங்காலமானால் இலையை மடித்துக்கொண்டு தூங்குகிற மரம். அன்றைக்கு அது குழம்பிப்போய் இலைகளைப் பாதி மடித்து வைத்திருந்தது. இலைச் சந்து வழியாக வழக்கமாக வட்ட வட்டமாக விழுகிற வெயில் அன்று பிறை பிறையாக விழுந்திருந்தது. நூறா, இருநூறா, எண்ண முடியாது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்புமே, அந்த மாதிரி.

நான் ஓடிப்போய் அதற்கு நடுவில் நின்றேன். என் சந்தனக் கலர்ப் பாவாடை, சட்டை, எல்லாவற்றின் மேலும் பிறைகள் ஏறிக்கொண்டன.

"அய்யய்ய, நில்லு நில்லு! அசையாத!" ஸ்டுடியோக்காரர் கேமராவைக் காலோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மரத்தோட சாஞ்சுக்க. கையப் பின்னாடி கட்டிக்க. கண்ணாடி தெரியக் கூடாது. நெத்தியில ஒண்ணு வுழட்டும், தலைய இப்டி... ஆங். பொட்டு மாரி வந்துச்சு. சிரிக்காத, சும்மா இரு."

நான் சிரிக்கவில்லை. என்னை யாரும் அதற்கு முன்னால் தனியாகப் படம் பிடித்ததில்லை. ராணி மாதிரி நின்றேன். வயிற்று இழுப்பு அப்போது இறங்கித் தொடை வரை வந்தது. படம் எடுத்து முடித்து அவர் திரும்பியதும், காலில் ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று வருஷமாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். பாவாடையைப் பார்த்தாள். ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்களுக்குத் தெரியும். பெண் உட்கார்ந்த நேரத்தை வைத்து ருது ஜாதகம் எழுதுவார்கள். அந்த நேரம் கெட்டது என்றால் அவள் போகிற வீடும் கெடும் என்பார்கள். அமாவாசை, சனிக்கிழமை, அதற்கு மேல் கிரகணம், அதற்கும் மேல் வெட்டவெளி. இதற்கு மேல் கெட்டது எதுவும் அம்மாவுக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை.

"யாராவது பாத்தாங்களா?" என்றாள்.

"இல்ல."

அவள் பாவாடையை உருவி வாளியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கிரகணம் விட்டுவிட்டது. ஜனங்கள் தலைக்குக் குளிக்கத் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தார்கள். எதிர்வீட்டு மதுரைக்காரம்மா குடத்தோடு பின்முற்றத்துக்கே வந்துவிட்டாள். வாளியைப் பார்த்தாள், மூலையில் சுருண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"ஆத்தி! எப்பத்தா?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நேத்தே ஆச்சு. வெள்ளிக்கிழமை, விளக்கு வெக்கிற நேரம். கிரகணம் போகட்டும், அப்புறம் வெளிய சொல்லலாம்னு உள்ளயே வெச்சிருந்தேன்."

"அதுஞ் சரிதான். வெள்ளிக்கெழம, மகாலச்சுமில்ல!" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு குலவையும் போட்டாள். அந்தக் குலவையோடு வெள்ளிக்கிழமை என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தென்னங்கீற்றில் குடிசை கட்டி உட்கார வைக்கக் குவார்ட்டர்ஸில் இடமில்லை. அறை மூலையில் கயிறு கட்டிப் பழைய புடவையைத் தொங்கவிட்டார்கள். நுழைகிற இடத்தில் உலக்கையைக் குறுக்கே போட்டார்கள். கோரைப்பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தின்று தின்று எனக்கே என்மேல் செக்கு வாடை அடித்தது. புடவையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக எதிர்ச்சுவரில் ஒரு சாண் தெரியும். அந்த ஒரு சாணைக் கடந்து போகிறவர்கள் யார் என்று நடையை வைத்தே சொல்வேன்.

பள்ளிக்கூடத்து மணி மைதானம் தாண்டிக் கேட்கும். தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி. முதல் மணிக்கு என் கால் தானாக எழும். எழுந்து எங்கே போவது? உலக்கை கிடக்கிறது. தாண்டினால் தோஷமாம். ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவு உயரம்தான். ஆனால் நான் தாண்டவில்லை. அம்மா ஒன்று சொல்லியிருந்தாள்: "சடங்கு முடியட்டும். அடுத்த வாரத்துல ஒரு திங்கக்கிழமை பாத்து உன்ன பள்ளிக்கூடம் அனுப்பறேன். உங்கப்பாகிட்ட பேசிட்டேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத." அந்தத் திங்கட்கிழமைக்காகத்தான் உள்ளே இருந்தேன்.

தினமும் யாரும் இல்லாத நேரத்தில் புடவைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மா கேட்பாள்.

"எப்போ ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை. விளக்கு வெக்கிற நேரம்."

"சனிக்கிழமை எங்க இருந்த?"

"இங்கதான்."

"கண்ணாடிய யாரு குடுத்தா?"

"நீதான். ஜன்னல் வழியா."

வாய்ப்பாட்டைக்கூட நான் இப்படி ஒப்பித்ததில்லை. ஒரு நாள் தைரியம் வந்து, "அம்மா, மைதானத்துல ஸ்டுடியோக்காரர் என்ன..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த மைதானம்?" என்றாள் அம்மா.

"இல்லம்மா, மரத்தடியில நிக்க வெச்சு..."

"எந்த மரம்? நீ சனிக்கிழமை வாசலத் தாண்டல. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். என்னைப் படம் எடுத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல அவள் எனக்கு வாயே கொடுக்கவில்லை. அந்தப் படம் கரையான்சாவடியில் எங்கேயோ இருட்டறையில் கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். அதில் நாள், நேரம் எல்லாம் என் மேலேயே விழுந்திருக்கும். நான் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பற்றி இப்போது நினைத்தால், எனக்கு வாயைக் கட்டியதாக நினைத்துத் தன் காதைக் கட்டிக்கொண்டாள் என்றுதான் தோன்றுகிறது.

சடங்குக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்றாள் அத்தை. "நம்ம ஊட்ல மொதப் பொண்ணு. சும்மா வுடலாமா?" அப்பா யாரைக் கூப்பிடுவார்? தெரிந்த ஒரே ஸ்டுடியோக்காரரைத்தான் கூப்பிட்டார்.

மாமன் சீராக வந்த புடவையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, இரவல் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். புட்டும் வாழைப்பழமுமாக அறை முழுக்கப் பெண்கள். ஸ்டுடியோக்காரர் உள்ளே வந்தார். கேமராவை எடுப்பதற்கு முன்னால் பையிலிருந்து பேப்பர் சுற்றிய ஒன்றை எடுத்தார். முகமெல்லாம் பல்.

"பாப்பா, உன் படம் இன்னா சோக்கா வந்துக்கீது பாரு! ஃப்ரேம் போட்டு எடுத்தாந்தேன். இது நான் குடுக்கிற சீரு."

நான் கை நீட்டுவதற்குள் அத்தை வாங்கிவிட்டாள். பேப்பரைக் கிழித்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வந்தது இதைத்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

படத்தில் முழங்கால் வரை நான். பின்னால் மரத்தின் இருட்டு. சாம்பல் நிறமாகத் தெரிந்த பாவாடை சட்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பிறைகள். நெற்றியில் ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக நான் அதற்குப் பிறகு இருந்ததே இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இன்னாமே இது, பிறை பிறையாப் போட்ட துணி? எங்க எடுத்தீங்க? எனக்கு ஒரு வார்த்த சொல்லல?" என்றாள்.

துணி! மதுரைக்காரம்மா தலையை நீட்டினாள். "அட, நல்ல டிசைனால்ல இருக்கு. பொட்டுக்கூட அதே மாதிரி வச்சிருக்காளே கழுத!" படம் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லாரும் துணியைத்தான் பார்த்தார்கள். ஏன் பார்க்க மாட்டார்கள்? கிரகணத்தன்று அவர்களில் ஒருத்தியும் வெளியே வரவில்லை. வெயில் பிறையாக விழும் என்று யாருக்குத் தெரியும்?

"தீபாவளிக்கு எடுத்தது அண்ணி" என்றாள் அம்மா.

"படம் எப்ப எடுத்த நைனா?" என்று அத்தை ஸ்டுடியோக்காரரைக் கேட்டாள்.

அவர் வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். என் நெற்றியில் இருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார். மனுஷர் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அது... பொங்கலுக்கு எடுத்ததும்மா. துணி சோக்காக் கீதேன்னு சும்மா ஒண்ணு புடிச்சேன்."

பிறகு என் மோவாயை நிமிர்த்தி உட்கார வைக்கிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சூரியன நேராப் புடிச்சதெல்லாம் கடுகு கடுகா வந்துச்சு பாப்பா. பேப்பர்காரன் தூக்கிப் போட்டுட்டான். எனக்குக் கெடச்ச கிரகணமே நீ மட்டும்தான்." சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய்த் தலையை மறைத்துக்கொண்டார். தன் படத்தைச் சீட்டித் துணி என்று தானே சொன்ன மனிதரை நான் இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது அத்தை சொன்னாள்: "அந்தப் பாவாடையக் கொண்டா, பாக்கலாம்."

"வெளுக்கப் போட்டிருக்கேன் அண்ணி."

"அவசரம் இல்ல. அடுத்த வெள்ளி வரேன், எடுத்து வெய்யி. என் சின்னப் பொண்ணுக்கு அதே மாரி ஒண்ணு தேடணும்."

அந்த வாரம் முழுக்க நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு தைத்தோம். சடங்கு முடிந்தாயிற்று, உலக்கையை எடுத்தாயிற்று, ஆனால் நான் வெளியே போகவில்லை. அதே சந்தனக் கலர்ப் பாவாடை. மடியில் போட்டோவை வைத்துக்கொண்டு, வெள்ளை நூலில் ஒவ்வொரு பிறையாகப் போட்டோம். அம்மாவுக்கு நல்ல கை. ஆனால் அவள் இஷ்டத்துக்கு ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் திருப்பிப் போட்டாள்.

"அம்மா, எல்லாம் ஒரே பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்தேன்."

அம்மா என்னை முறைத்தாள். பிறகு போட்டதைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டாள். நடுவில் ஒருமுறை ஊசியை நிறுத்திவிட்டு, "அன்னிக்கு இது மாதிரியேவா விழுந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "குளிர்ச்சியா இருந்துச்சா?" என்றாள். சொன்னேன். மீன் குஞ்சு மாதிரி என்றேன், மரம் இலையை மடித்ததைச் சொன்னேன். போகாத மைதானத்துக்கு அம்மா என்னை அன்றைக்கு ஒருமுறை போக விட்டாள். கேட்டு முடித்ததும், "சரி, திருப்பிச் சொல்லு. எப்போ ஆச்சு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கி வைத்த புது ஜாமெட்ரி பெட்டி அலமாரியில் இருந்தது. வெள்ளி போனால் சனி, ஞாயிறு. அப்புறம் திங்கள். நான் அதை எண்ணிக்கொண்டே தைத்தேன்.

வெள்ளிக்கிழமை அத்தை வந்தாள். மோர் குடித்தாள். வெயிலைத் திட்டினாள். பிறகு கையை நீட்டினாள். அம்மா பாவாடையைக் கொடுத்தாள்.

அத்தை அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்தாள். விரலால் தடவினாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினாள். பெண்பிள்ளை துணியைப் பார்த்தால் உள்பக்கத்தைத் திருப்பாமல் இருப்பாளா? அங்கே முடிச்சு முடிச்சாக வெள்ளை நூல்.

"தையலு நல்லாக் கீது" என்றாள். "ரெண்டு பேருக்கும் கண்ணு போயிருக்குமே."

அம்மா காலியான மோர்த் தம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

"அன்னிக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வெளிய வந்தேன்" என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். "கிரகணம்னா மாடு தண்ணி கேக்காம இருக்குமா? எங்க முருங்க மரத்தடியில இதே மாரிதான் கெடந்துச்சு. பசு முதுகு பூரா பிறை. அன்னிக்கு போட்டோவப் பாத்தவொடனே தெரிஞ்சு போச்சு எனக்கு. பொங்கலாம், தீவாளியாம்!"

அம்மா சட்டென்று அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணி, வெளிய சொல்லிடாதீங்க. இவளுக்கு அப்புறம் வாழ்க்கையே இல்ல."

"எழுந்திரு, எழுந்திரு. இன்னாத்துக்கு அழுவுற? கிரகணமாவது கத்திரிக்காயாவது. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடயாது, எனக்குப் பொண்ணு வேணும்." அத்தை பாவாடையை நாலாக மடித்தாள். "ஆனா ஊருக்கு இருக்குமே."

அத்தையைப் பற்றி அம்மா பயந்ததெல்லாம் தப்பு என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அவளுக்கு அந்தப் பயமே இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தவள் அவள். அன்றைக்கு அம்மா மதுரைக்காரம்மாவிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால் நாலு நாள் பேசியிருப்பார்கள். மறைத்ததால் ஒருத்தி கையில் கயிறு போய்ச் சேர்ந்தது.

"தம்பி சொன்னான், திங்கக்கிழமை பள்ளிக்கூடம் அனுப்பறீங்களாமே?" என்றாள் அத்தை.

"பத்தாவது மட்டும்..." என்றாள் அம்மா.

"வேணாம். வெள்ளானூருக்கு வரட்டும். மாடு கன்னு பழகட்டும், என்கூட இருக்கட்டும். தையில முடிச்சிடலாம்." கூடையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "நான் யார்கிட்டயும் எதுக்குச் சொல்லப் போறேன்? இவ எங்க ஊட்டுப் பொண்ணாச்சே" என்றாள்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள்.

அத்தை பாவாடையைக் கூடைக்குள் வைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்துக்குக் கையை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு ஆணியிலிருந்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அவள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

"குடுக்க மாட்டேன். அது நானு" என்றேன்.

அத்தை கையை எடுத்துவிட்டாள். கோபம் இல்லை, சிரிப்புதான் வந்தது அவளுக்கு. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"வெச்சுக்கடி, நீயே வெச்சுக்க. உன்னியே கூட்டிகினு போவப் போறேன். படம் எதுக்கு எனக்கு?"